மஞ்சள் ஏறாத கண்கள்

மழையோடு மழையாகக் கிளினிக்குக்குள் வந்தவன் கையுறையைக் கழற்றி மேசைமேல் போட்டான். விரல் நுனியில் ரத்தப் பொட்டு. பக்கத்தில் ஓர் ஊசி.

அங்கிருந்த நர்ஸின் உடுப்பில் இருந்த 'சந்திரவதனா' என்ற பெயரைப் படித்தவன், தமிழிலேயே கேட்டான்.

"உங்க குப்பைப் பையிலேர்ந்துதான் குத்துச்சு. யார் போட்டது?"

பிளாக்டவுன் நகரக் கவுன்சிலின் குப்பை லாரிகளை மேற்பார்க்கும் நரசிம்மன் அவன். காலையில் பள்ளி மாணவிகளுக்குத் தடுப்பூசி போட்டுவிட்டு, வழக்கம்போல் ஊசிகளைக் காகிதப் பையில் கட்டிப் போட்டவள் அவள்.

"ஓம்... நான்தான் போட்டனான்."

சண்டைக்கென்றே வந்தவன் தடுமாறிப்போனான். அவள் விரலைக் கழுவி மருந்திட்டுக் கட்டுப் போட்டாள். ஊசி வழியாகக் கிருமி தொற்றியிருந்தால், ஆறு மாதத்துக்குள் எப்போது வேண்டுமானாலும் காமாலை வரலாம் என்பதையும் மறைக்கவில்லை.

"கண்ணிலதான் முதல்ல தெரியும். கிழமைக்கு ஒருக்கா வந்து காட்டுங்கோ."

"பார்த்தா சரியாயிடுமா?"

"வாங்கோ எண்டா வாங்கோ."

அன்றே தலைமை நர்ஸிடம் போய், பயன்படுத்திய ஊசிகளைப் போட்டு மூடத் தகர டின் இல்லாமல் இனி ஊசி போட மாட்டேன் என்றாள். வேலை போய்விடும் என்று எச்சரித்தார் அந்த அம்மாள். அடுத்த வாரம் மாணவிகள் வரிசையில் காத்திருக்க, சந்திரவதனா கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

கண்ணைக் காட்ட வந்த நரசிம்மன் இதைக் கண்டான். நேரே லாரிக்குப் போனான். மூடியில் ஊசி நுழையுமளவு உளியால் பிளவு போட்டு, கம்பியால் இறுக்கிய பால்மா டின்னோடு திரும்பினான்.

"இந்த டப்பா போதுமா?"

"பேணி" என்று தன் ஊர் வழக்கில் திருத்தினாள்.

தலைமை நர்ஸ் டின்னைப் பார்த்தார், அவன் விரலில் இருந்த கட்டைப் பார்த்தார். ஆரம்பி என்று கைகாட்டினார்.

அதன்பின் வாராவாரம் புது டின்னோடு வருவான். நிறைந்ததை எரிப்பதற்காக ஆஸ்பத்திரி உலைக்குக் கொண்டுபோவான். அதற்குமுன், ஜன்னலோரக் கதிரையில் அவனை உட்காரவைத்து, கீழிமையை மெல்ல இழுத்துப் பார்ப்பாள். கருமணியைச் சுற்றிப் பால் வெள்ளை... அது அப்படியே இருக்கவேண்டுமே என்று நல்லூர்க் கந்தனை வேண்டுவாள். இவ்வளவு நேரம் பார்க்கத் தேவையில்லை என்பது இருவருக்கும் தெரியும்.

ஆறு மாதத்தின் கடைசி வாரம். வெளியே அதே மழை.

"தப்பிட்டீங்கள்... இனி வரத் தேவையில்லை." அவன் இமையிலிருந்து விரலை எடுத்தாள்.

அவன் வாசல்வரை போய் நின்றான். "இனிமே பேணியை வேற ஆள்கிட்ட கொடுத்தனுப்பட்டுமா?"

தான் செய்த தவறுக்காக இரக்கம் காட்டுகிறாள் என்று நினைத்துவிடுவானோ... வாய் திறக்க ரோஷம் தடுத்தது. அன்று கையைக் கட்டி நின்றவள் எங்கே போனாள்?

"வேண்டாம். நீங்களே கொண்டு வாங்கோ. இவ்வளவு நாளும் பயத்தோட பார்த்த கண்... இனிப் பயமில்லாமல் பார்க்க வேணும் எனக்கு."

நரசிம்மன் திரும்பி வந்து ஜன்னலோரக் கதிரையில் உட்கார்ந்தான்.

"இப்பவே பாருங்க."