கடைசி வீட்டுக்காரி கேட்டது

நாய் குரைக்கவில்லை. காலையிலிருந்து ஏறி இறங்கிய வீடுகளிலெல்லாம் வேலியோரம் ஒரு நாய் விழுந்தடித்து ஓடிவந்து குரைத்திருக்க, வரிசையின் கடைசி வீட்டுப் படிக்கடியில் கிடந்த செவலை நாய் மட்டும் தலையைத் தூக்காமல், கண்ணையும் மூடாமல், மூக்கை மண்ணில் அழுத்திக்கொண்டு கிடந்தது. விலா ஏறி இறங்குவதைப் பார்த்த பிறகுதான் அது உயிரோடு இருக்கிறது என்று ஒனெய்தாவுக்குத் தெரிந்தது.

"நல்ல நாய்," என்றாள் மேரிபெத், ஆங்கிலத்தில்.

"இந்த ஊர்ல நல்ல நாய்னு ஒண்ணு கிடையாது," என்றாள் ஒனெய்தா.

அவள் பிறந்ததே இந்த வாழைத்தோட்டக் குடியிருப்பில்தான். வெள்ளம் வந்த வருஷம் கம்பெனி தோட்டத்தைக் கைவிட்டுப் போய்விட, கால் நட்டு உயர்த்திக் கட்டிய மரவீடுகளில் மிச்சமிருந்தவர்கள் அப்படியே குடியிருந்தார்கள். ஜூலை மாதம் அமெரிக்காவின் ஜார்ஜியாவிலிருந்து ஒரு சபைக் கூட்டம் ஹோண்டுராஸுக்கு வரும். வீடு வீடாகப் போய்ச் சுவிசேஷம் சொல்லும். அவர்கள் சொல்வதை ஸ்பானிய மொழியில் சொல்வது ஒனெய்தாவின் வேலை. வெறும் வேலை என்று அவள் நினைத்ததில்லை. அவளும் விசுவாசிதான். அந்த வார்த்தைகளை வாயால் மட்டும் அவள் சொன்னதே இல்லை.

இந்த முறை அவளோடு இரண்டு பேர். ஓய்வுபெற்ற இன்சூரன்ஸ்காரர் பிரதர் வெண்டல். பத்தொன்பது வயது மேரிபெத், முதல் வெளிநாட்டுப் பயணம். மேரிபெத்துக்கு ஸ்பானிய மொழியில் தெரிந்தது ஒரே வார்த்தை, ஆமாம் என்பது. யார் எதைக் கேட்டாலும் அதைச் சொல்லிவிட்டுச் சிரிப்பாள்.

பக்கத்து வீட்டு செப்பா அதை வைத்தே வயிறு வலிக்கச் சிரித்திருந்தாள். "என் மகனைக் கட்டிக்கிறியாடின்னு கேட்டேன், அதுக்கும் ஆமாங்குறா! அவன் மூஞ்சியைப் பாத்திருந்தா சொல்லியிருக்க மாட்டா."

"சும்மா இரு செப்பாக்கா," என்றாள் ஒனெய்தா.

"உங்க பிரதரும்தான் வருஷா வருஷம் அதே கேள்வியைக் கேக்குறாரு. செத்தா எங்க போவேனாம். டவுனுக்குப் போகவே எனக்கு பஸ் கிடைக்கல, இதுல அவ்ளோ தூரம் எங்கடி போக?" சிரித்து முடித்ததும் செப்பா நாலு சோள ரொட்டியைத் துணியில் சுற்றிக் கொடுத்தாள். "எலோடியா வீட்டுக்குத்தானே போறீங்க, இதைக் குடுத்துடு. காய்ச்சல்னு படுத்தவ, ஆளையே வெளியில காணோம்."

அந்த ரொட்டிச் சூடு உள்ளங்கையில் இருக்க, ஒனெய்தா கடைசி வீட்டுப் படியடியில் நின்று குரல் கொடுத்தாள். இங்கே யாரும் கதவைத் தட்டுவதில்லை. வாசலில் நின்று கூப்பிட வேண்டும், உள்ளேயிருந்து வரச் சொன்னால்தான் போக வேண்டும்.

"வீட்ல யாரு?"

"உள்ள வாங்க."

குரல் உடனே வந்தது. கேட்டு முடிப்பதற்குக் கொஞ்சம் முன்னாலேயே வந்துவிட்டது போலிருந்தது.

உள்ளே சன்னல் எல்லாம் சாத்தியிருந்தது. பெய்யப்போகும் மழைக்கு வானம் கறுத்துக் கிடந்ததால் பலகை இடுக்குகளிலும் வெளிச்சம் சாம்பலாகத்தான் கசிந்தது. மேலே தகரக்கூரை சூடு ஆறி டக் டக்கென்று சத்தமிட்டுக்கொண்டிருந்தது. அணைந்து நாளான அடுப்பின் ஈரச்சாம்பல் வாடையும், எங்கோ மூலையில் அழுகிய கொய்யாவின் வாடையும், அவற்றுக்கு அடியில் வெகுகாலம் மூடிக்கிடந்த கிணற்றைத் திறந்தால் எழும் குளிர்ந்த வாடையும் ஒன்றன்பின் ஒன்றாக மூக்கில் ஏறின. நடுவில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அதில் சுவரைப் பார்த்தபடி, இவர்களுக்கு முதுகு காட்டி ஒரு பெண். கூந்தல் நனைந்து தொங்கியது. நீர் சொட்டும் சத்தம் தெளிவாகக் கேட்டது. தரையில் ஈரம் இல்லை.

"எலோடியாக்கா, செப்பாக்கா ரொட்டி குடுத்துவிட்டாங்க."

"வெச்சிடு."

வெண்டல் பெஞ்சில் உட்கார்ந்து, தொப்பியைக் கழற்றி முழங்கால்மேல் வைத்துக்கொண்டார். உடம்பு முடியாதவர்களிடம் அவர் குரல் தானாகவே தணிந்துவிடும். எல்லா வீட்டிலும் கேட்டதைத்தான் கேட்டார். ஒனெய்தா எல்லா வீட்டிலும் சொன்னதைத்தான் சொன்னாள்.

"அக்கா, இன்னிக்கே நீங்க இறந்துபோனா எங்க போவீங்கன்னு பிரதர் கேக்குறாரு."

"போனேன்," என்றாள் அவள்.

"எங்கக்கா?"

"அவரு கேக்குற எடத்துக்குத்தான். ரொம்ப நேரம் கதவைத் தட்டினேன். யாரும் தொறக்கல. திரும்பி வந்துட்டேன்."

கூரையின் சத்தம் நின்றுவிட்டது.

"என்ன சொல்றாங்க சிஸ்டர்?" என்றார் வெண்டல்.

"ரொம்ப முடியலையாம் பிரதர். நாம கிளம்பலாம்." இத்தனை வருஷத்தில் ஒனெய்தா மாற்றிச் சொன்னது இதுவே முதல்முறை.

"நான் அப்படிச் சொல்லலையே," என்றாள் நாற்காலிக்காரி. எலோடியாவுக்கு ஆங்கிலம் தெரியாது. எழுதப் படிக்கவே தெரியாது.

வெண்டலுக்கு எதுவும் எட்டவில்லை. அவர் முன்னால் சாய்ந்து, கர்த்தர் மனசின் கதவுக்கு வெளியே பொறுமையாக நிற்பதையும், உள்ளே வாருங்கள் என்று நாம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும் என்பதையும் மெதுவாக விளக்கினார். ஒனெய்தா வாயைத் திறக்கவில்லை. ஆனாலும் அந்த நனைந்த தலை, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஆமோதித்து அசைந்தது.

"புரிஞ்சுது. வெளியில நிக்கிறவங்க கேக்கணும். உள்ள இருக்கிறவங்க வான்னு சொல்லணும். இவ்ளோதானா? இது தெரியாம வெறும் கதவைத் தட்டிக்கிட்டு இருந்துட்டேன் பாரு." தலை லேசாகச் சாய்ந்தது. "அந்தச் சின்னப் பொண்ணைக் கேளு. நான் உள்ள வரலாமான்னு."

"ஜெபம் பண்ணணுமாமா?" என்று மேரிபெத் ஆவலாகக் கேட்டாள்.

"கேளுடி."

"கேக்க மாட்டேன்," என்றாள் ஒனெய்தா.

சொட்டும் சத்தம் நின்றது. நாற்காலியிலிருந்து ஆங்கிலம் வந்தது. ஒனெய்தாவின் ஆங்கிலம். வாக்கியம் தொடங்குமுன் அவள் எச்சில் விழுங்கும் அந்தச் சின்னச் சத்தம் உட்பட.

"உன்னைத்தான் கேக்குறாங்க மேரிபெத். உள்ள வரலாமான்னு."

ஒனெய்தாவின் உதடு மூடியே இருந்தது. மேரிபெத் நாற்காலியைப் பார்க்கவில்லை. குரலுக்குச் சொந்தக்காரியைத்தான் பார்த்தாள். பார்த்துச் சிரித்தாள். எல்லோருக்கும் சொல்லும் அந்த ஒரே வார்த்தைக்காக வாயைத் திறந்தாள்.

ஒனெய்தா பாய்ந்து அந்த வாயைப் பொத்தினாள்.

கோபம் பயத்தைவிடப் பெரிதாக இருந்தது. வாசல் வாசலாக நின்று, நம்பி, சில வீடுகளில் அழுதும் அவள் சொன்ன வார்த்தைகள் அவை. கொடியில் காய்ந்த துணியைத் திருடி உடுத்திக்கொண்டது போல இது அவற்றை எடுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.

"வரக் கூடாது!" அந்த முதுகைப் பார்த்துக் கத்தினாள். "இவளுக்கும் சேத்து நான் சொல்றேன். இவகிட்ட வரக் கூடாது. இவருகிட்ட வரக் கூடாது. என்கிட்ட வந்து பாரு!"

"சிஸ்டர்!" வெண்டல் எழுந்துவிட்டார். "என்ன காரியம் பண்றீங்க? ஒரு ஆத்துமா தேடிக் கேக்குற நேரத்துல..."

"வெளியில போங்க பிரதர்."

"நான் சொல்றதைச் சொல்லத்தான் நீங்க வந்திருக்கீங்க. நீங்க வெறும் வாய்."

"ஆமா. வாய் மூடிடுச்சு. நடங்க."

அவள் மேரிபெத்தின் தோளைப் பிடித்து வாசலுக்குத் தள்ளினாள். வெண்டலும் முணுமுணுத்துக்கொண்டே இறங்கினார். ஒனெய்தா கடைசியாக, முதுகைக் காட்டாமல், பின்பக்கமாகப் படியிறங்கினாள். நாற்காலி அசையவில்லை. எலோடியாவின் குரல் மறுபடி மெல்ல வந்தது.

"பரவால்ல. எப்படிக் கூப்பிடணும்னு தெரிஞ்சுபோச்சு."

அவர்கள் வந்த வேன் வரிசையின் மறுகோடியில் நின்றிருந்தது. "நேரா வேனுக்குப் போங்க. யாரு கூப்பிட்டாலும் பதில் பேசாதீங்க. நான் கூப்பிட்டாலும்," என்றாள் மேரிபெத்திடம். அந்தப் பெண்ணின் முகம் வெளுத்திருந்தது. எதையோ அவளும் உணர்ந்திருந்தாள். வெண்டலின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தாள். முதல் மழைத்துளிகள் வாழையிலைகளில் விழுந்து வெடித்தன.

அப்போது கேட்டது. தெருப்பக்கமிருந்து இல்லை. வீடுகளின் பின்னாலிருந்து, வாழைகளுக்கு ஊடே.

"வீட்ல யாரு?"

ஒனெய்தாவின் சொந்தக் குரல்.

கொஞ்சம் தள்ளி, செப்பாவின் வீட்டுக்குள்ளிருந்து சிரிப்போடு பதில் வந்தது. "என்னடி கொல்லைப்பக்கமா வர்ற? வா, உள்ள வா!"

"அக்கா! வேண்டாம்!" ஒனெய்தா ஓடினாள். செருப்பு சேற்றில் கழன்று போனது. வேலிப்படலைத் தள்ளினாள். நாய் ஓடிவரவில்லை. படியில் ஏறினாள்.

"யாரு வாசல்ல?" செப்பாவின் குரல்.

"நான்தான்க்கா. ஒனெய்தா."

செப்பா மறுபடி பேசினாள். குரலில் சிரிப்பு இல்லை.

"அங்க யாரு பேசுறது? ஒனெய்தா இங்கல்ல உக்காந்திருக்கா."

வேன் தூரத்தில் ஹாரன் அடித்தது. நீளமாக. மறுபடியும். ஓடினால் ஏறிவிடலாம்.

ஒனெய்தா ஓடவில்லை. வா என்று யாரும் சொல்லாமலேயே, வாழ்க்கையில் முதல்முறையாக, அடுத்தவர் வீட்டு வாசலைத் தாண்டி உள்ளே போனாள்.

செப்பா காப்பிக் குவளையும் கையுமாக அடுப்போரம் உறைந்து நின்றாள். முக்காலியில் ஒருத்தி, முதுகைக் காட்டி. ஒனெய்தாவின் மஞ்சள் சட்டை. ஒனெய்தாவின் ஒற்றைச் சடை. சடை நுனியிலிருந்து சொட்டும் சத்தம்.

"செப்பாக்கா, என் பின்னால வா. அதைப் பாக்காத." செப்பா நகர்ந்து வந்து அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். சூடான கைகள்.

ஒனெய்தா கதவு நிலையின் இரண்டு பக்கமும் கையை ஊன்றி, அது வெளியேற முடியாதபடி வழியை அடைத்து நின்றாள்.

"எழுந்திரு," என்றாள். "இந்தப் பக்கம் திரும்பு. என்னைப் பாத்துக் கேளு."

அது எழுந்தது. அவசரமில்லாமல். திரும்பியது.

நெற்றி இல்லை. கண் இருக்க வேண்டிய இடம் பிசைந்த மாவு போல வழவழவென்றிருந்தது. மூக்கு வரலாமா என்று யோசிப்பது போல ஒரு மேடு.

வாய் மட்டும் முழுதாக உருவாகியிருந்தது. எச்சில் விழுங்கிவிட்டு, அது திறந்தது.

"உள்ள வரலாமா?"

"முடியாது," என்றாள் ஒனெய்தா.

அது ஒரு எட்டு முன்னால் வைத்து மறுபடி கேட்டது.