அறுக்காமல் விட்ட கழுத்து

சீமோர் ஊரைத் தாண்டியதும் மகள் இன்ஷிரா பின் சீட்டில் நித்திரையாகிவிட்டாள். வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்த கையோடு டார்னெய்ட் வீட்டிலிருந்து புறப்பட்டும், காணியின் கேற்றைத் திறக்கும்போது பொழுது சாய்ந்துவிட்டது. 2011, ஜூலை மாசம். மெல்பேர்ன் குளிரே எனக்கு ஒத்துவராது. அதற்கும் அப்பால் மலையடிவாரத்தில் போய் விறைப்பதற்கு ஒரு காணி தேவையா என்று நான் கேட்காத நாளில்லை.

நாற்பது ஏக்கர். ஒரு பழைய பலகை வீடு, ஒரு தண்ணீர்த் தாங்கி, நடுவால் இறங்கிப் போகும் ஒரு பள்ளம். என் புருஷன் நௌஃபலுக்கு இதுதான் உலகம். காத்தான்குடியில் சுவரோடு சுவர் ஒட்டிய வீட்டில் வளர்ந்த மனிசன். இங்கே கண்ணுக்கெட்டின தூரம் தன்னுடையது என்று சொல்லும்போது அவர் குரலே மாறும். காணியோடு ஒரு துவக்கும் வந்தது, அதற்கு லைசன்சும் வந்தது. வாயால் வடை சுடுவதில் அவரை விட்டால் ஆளில்லை. முயலுக்குக் குறி வைத்து வேலிக் கட்டையைச் சுட்ட கதையை நான்தான் எல்லாரிடமும் சொல்லிச் சிரித்தேன்.

அந்தச் சிரிப்பு இரண்டு கிழமைக்கு முன் நின்றது. தனியாகப் போனவர் ஒரு மானோடு வந்தார். தோலுரித்து, துண்டு போட்டு, ஐஸ் பெட்டிக்குள் அடுக்கிக் கொண்டுவந்து குசினி மேசையில் வைத்தார். சுட்ட மான் உயிரோடு கிடந்தால், பிஸ்மி, அதாவது அல்லாஹ்வின் பேர், சொல்லிக் கத்தி வைத்து அறுத்தால்தான் எங்களுக்கு ஹலால். அறுக்காமல் தானாகச் செத்தால் அது வெறும் சவம்.

"அறுத்தீங்களா மச்சான்?" என்று கேட்டேன்.

"அறுத்தன்" என்றார்.

என் வாப்பா மௌத்தாகி அப்போது ஒரு வருஷம். அந்த ஞாயிறு வீட்டில் அவர் பேரில் குர்ஆன் ஓதிச் சோறு கொடுக்கும் கத்தம் ஓதினோம். அந்த இறைச்சியைத்தான் ஆக்கினேன். ஓத வந்த ஹாஜா மைதீன் காக்கா திரும்பத் திரும்பச் சோறு போட்டுக்கொண்டு, "சுட்டதுமில்லாம ஓடிப்போய் அறுத்தும் போட்டிருக்கான், ஆம்பிளடா நீ" என்று நௌஃபலின் முதுகில் தட்டினார். வாப்பாவுக்காக எல்லாரும் கையேந்தி துஆ கேட்டார்கள். நௌஃபல் மட்டும் வயிறு சரியில்லை என்று ஒரு துண்டும் தொடவில்லை. நானும் அதைப் பெரிதாக எடுக்காமல் விட்டுவிட்டேன்.

இப்போது பலகை வீட்டு வாசலில் கார் நின்றது. அவர் இறங்கவில்லை.

"என்ன, வேர் விட்டுட்டீங்களா?" என்றேன்.

"பள்ளப் பக்கத்து லைட்டப் போடாதங்க" என்றார்.

வீட்டுக்குள் பூட்டிக் கிடந்த பலகையின் வாசம், அடுப்புச் சாம்பலின் வாசம். அதற்கடியில் இன்னொன்றும் இருந்தது. ஹஜ்ஜுப் பெருநாள் காலையில் குர்பானுக்குக் கட்டிய ஆட்டின் பக்கத்தில் நின்றால் வருமே, ஈர மயிரின் வாசம், அது. ஜன்னலெல்லாம் பூட்டித்தான் இருந்தது. எலி கிலி செத்திருக்கும் என்று நினைத்துக்கொண்டு அடுப்பை மூட்டினேன்.

மஃரிப் தொழுகைக்குப் பிறகு சாப்பிட உட்கார்ந்தோம். சோறும் பருப்பும் முட்டைப் பொரியலும்தான். இறைச்சி என்றால் அவருக்கு இப்போது ஓங்காளம் வருகிறது. தட்டை இழுத்தார், பேசாமல் சோற்றில் கை வைத்தார்.

"வாப்பா டிடின்ட் சே பிஸ்மி" என்றாள் இன்ஷிரா. நாலு வயசு. இவளிடம் ஒன்றையும் மறைக்க முடியாது.

"மனசுக்குள்ள சொன்னன் மகள்."

எனக்குச் சுருக்கென்றது. யோசித்துப் பார்த்தால் இந்த இரண்டு கிழமையும் அவர் வாயிலிருந்து பிஸ்மி வந்து நான் கேட்கவில்லை. காரை ஸ்டார்ட் பண்ணும்போதும் இல்லை, தண்ணீர் குடிக்கும்போதும் இல்லை. தும்மினாலும் அல்லாஹ்வை இழுக்கிற மனிசன்.

"பிள்ளைக்கு முன்னால நல்ல பழக்கம்" என்று சொல்லிவிட்டு, அவருக்கும் சேர்த்து நானே உரக்கச் சொன்னேன். "பிஸ்மில்லாஹ்."

வெளியே ஏதோ நின்றது.

பிரிட்ஜின் மோட்டார் நின்ற பிறகுதானே இவ்வளவு நேரம் அது ஓடிக்கொண்டிருந்தது நமக்குத் தெரியும். அப்படித்தான் எனக்கும் தெரிந்தது. நாங்கள் வந்ததிலிருந்தே ஒரு சத்தம் இருந்திருக்கிறது. இப்போது அது இல்லை.

கொஞ்ச நேரத்தில் மறுபடி தொடங்கியது. ஜன்னலுக்கு நேர் கீழே. நீளமாக உள்ளே இழுத்து, ஈரமாக வெளியே விடும் மூச்சு. விடும்போது தொண்டையில் ஏதோ கொழகொழத்தது.

"இன்னொருக்கா சொல்லாதங்க, ரினோசா" என்றார் நௌஃபல். அவர் முகத்தில் இரத்தமில்லை.

நான் பிடிவாதக்காரி. சொல்லாதே என்றால் சொல்லிப் பார்க்கிற பிறவி. வாயைத் திறந்தேன்.

"பிஸ்மில்லாஹ்."

மூச்சு நின்றது.

போகவில்லை. அடக்கிக்கொண்டு நின்றது. எதற்கோ காத்துக்கொண்டு.

பிள்ளையைப் படுக்க வைத்துவிட்டு வந்து அவருக்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டேன். "முழுப் பூசணிக்காயச் சோத்துக்குள்ள மறைக்கப் பாக்காதங்க மச்சான். அண்டைக்கு என்ன நடந்த?"

கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். பொழுது சாயும் நேரம், பிஸ்மி சொல்லித்தான் சுட்டாராம். குண்டு பின்னந்தொடையில் பட்டு மான் பள்ளத்துக்குள் உருண்டது. ஓடிப்போனார். உயிர் இருந்தது. கிப்லாவைப் பார்க்க, மக்காப் பக்கமாகத் திருப்பிக் கிடத்தினார், பெட்டை மான், உதைக்கக்கூட இல்லை. கழுத்தில் கை வைத்துப் பிஸ்மி சொன்னார். அது மூச்சை அடக்கிக்கொண்டு கழுத்தை நீட்டியது.

"கண்ணப் பாத்துட்டன் ரினோசா. கை ஓடல்ல."

"துவக்கு இருந்திச்சே. இன்னொரு வெடி வச்சு அதுட கஷ்டத்த முடிச்சிருக்கலாமே."

"கைக்குள்ள கிடக்கிறதச் சுட்டா ஹராமாயிடும். இறைச்சி வீணாப் போயிடும். இந்தா தைரியம் வரும், இந்தா வரும் எண்டு நிண்டன். உங்கட வாப்பாட கத்தத்துக்கு மான் கொண்டாறன் எண்டு உங்களுக்கும் சொல்லிட்டன். பிஸ்மி சொல்லுவன், அது கழுத்த நீட்டும், கத்தியக் கீழ வைப்பன். இருட்டும் வரைக்கும் அதுதான். கடைசியில திரும்பி இருந்துட்டன். மூச்சு மட்டும் கேட்டிச்சு. அது நிண்ட பிறகுதான் திரும்பினன்."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. வாயில்லாத ஜீவனை அப்படித் துடிக்க விட்டதற்கா, என் வாப்பாவின் பேரில் ஊருக்குச் சவத்தை ஊட்டினதற்கா, எதற்கு முதலில் ஏசுவது என்று தெரியவில்லை. ஏசாமல் அழுதேன். ஒருவனுக்குத் தைரியமில்லை என்பது பெரிய குற்றமில்லை. வேலிக் கட்டைக் கதையை ஊரெல்லாம் சொல்லி அவரை அந்தப் பள்ளம் வரைக்கும் துரத்தியதில் எனக்கும் பங்கிருக்கிறது என்பதுதான் அழ வைத்தது.

"இது முடியாட்டி இந்த வீட்டில இனி ஒரு வாய்ச் சோறும் அல்லாஹ்ட பேர் சொல்லித் தின்ன ஏலாது" என்றேன். "தொடங்கினத நீங்கதான் முடிக்கணும்."

விடிய சுபஹு தொழுதுவிட்டு, பிள்ளை எழும்ப முன் இரண்டு பேரும் பள்ளத்துக்கு இறங்கினோம். குசினியிலிருந்து நல்ல கத்தியாக ஒன்றை எடுத்து முந்தானைக்குள் மறைத்துக்கொண்டேன். அறுக்கப்போகும் பிராணிக்குக் கத்தியைக் காட்டக்கூடாது. அங்கே பிராணி எங்கே இருக்கிறது என்று கேட்கலாம். எனக்கு அப்போது அப்படிக் கேட்கத் தோன்றவில்லை.

புல்லெல்லாம் உறைபனி. காலடியில் நொறுங்கியது. ஓரிடத்தில் மட்டும் பனியில்லை. ஒரு மான் படுத்தால் எவ்வளவு இடம் வேண்டுமோ அவ்வளவு இடத்தில் புல் அமுங்கிக் கிடந்தது. தலைப்பக்கம் எது, கால்பக்கம் எது என்றுகூடச் சொல்லலாம். கிப்லாவைப் பார்த்து.

குனிந்து உள்ளங்கையை வைத்தேன்.

சுட்டது.

மூச்சு என் முழங்காலுக்குப் பக்கத்திலிருந்து வந்தது.

"சொல்லுங்க மச்சான்."

அவர் முழங்காலில் விழுந்தார். கத்தியை அவர் கையில் வைத்து, அவர் கைக்கு மேல் என் கையை வைத்தேன். "பிஸ்மில்லாஹி அல்லாஹு அக்பர்" என்றார். மூச்சு அடங்கியது. வெறும் காற்றில் கத்தியை இழுத்தோம்.

வெறும் காற்றில்லை. தோல் இழுபட்டது. பிறகு விட்டுக்கொடுத்தது. அந்த இழுவை என் மணிக்கட்டில் இப்போதும் இருக்கிறது.

ஒரு பெருமூச்சு வந்தது. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. கத்தியில் ஒரு சொட்டும் இல்லை. தொட்டுப் பார்த்தேன், புல் குளிர்ந்துகொண்டு வந்தது. நௌஃபல் மண்ணில் நெற்றியை வைத்து அழுதார், நானும் அவர் முதுகைத் தடவிக்கொண்டு அழுதேன்.

ஏறும்போது ஒன்றைக் கண்டேன். அந்த இடத்துக்குப் பக்கத்திலேயே பனியில்லாத இன்னொரு இடம், சின்னது. முயல் படுத்திருக்கும் என்று நினைத்தேன். நௌஃபல் அதைப் பார்த்தார், உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டார். அப்போதே நான் கேட்டிருக்க வேண்டும்.

டார்னெய்ட் திரும்பியதும் அவரே ஹாஜா மைதீன் காக்காவின் வீட்டுக்குப் போய் உண்மையைச் சொன்னார். காக்கா, "தெரியாமத் திண்டவனுக்குப் பாவமில்ல. நீ அல்லாஹ்ட்ட மன்னிப்புக் கேட்டுத் தவ்பா செய், மத்தாக்களுக்கு நான் சொல்றன்" என்றாராம். துவக்கைப் பொலிஸில் ஒப்படைத்தார். காணியை விற்கப் போர்டு போட்டோம். எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்குப் பிஸ்மி திரும்பி வந்தது. நான் நன்றாக உறங்கினேன். என் வாப்பாவுக்கு மறுபடி கத்தம் ஓதினோம், இந்த முறை கோழி, நானே கடையில் நின்று வாங்கினது.

போன ஞாயிறு மத்தியானம். நல்ல வெயில். குசினி ஜன்னல் திறந்திருந்தது. சோறு போட்டேன். இன்ஷிரா இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு உரக்கச் சொன்னாள்.

"பிஸ்மில்லாஹ்."

நான் கரண்டியைப் பிடித்தபடி நின்றேன். ஏதோ ஒன்று நின்றுபோனது எனக்குத் தெரிந்தது. அது மெல்லிய சத்தம், வேகமாக ஓடிக்கொண்டிருந்த சத்தம். அயல் வீட்டு நாயின் இரைப்பு என்று இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன்.

"உம்மா" என்றாள் இன்ஷிரா, ஜன்னலைப் பார்த்துக்கொண்டு. "அது ஏன் மூச்செடுக்காம இருக்கு?"

நௌஃபலைப் பார்த்தேன். அவர் சோற்றிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

"அண்டைக்குப் பள்ளத்துக்குள்ள குட்டி ஒண்டு நிண்டிச்சு" என்றார், தட்டைப் பார்த்துக்கொண்டு. "பால்குடிக் குட்டி. நான் விரட்டினன், போகல்ல. தாய்க்குப் பக்கத்திலயே படுத்திச்சு. நான் பிஸ்மி சொல்லச் சொல்ல, தாயப் பாத்துப் பாத்து அதுவும் கழுத்த நீட்டிச்சு. அத அப்படியே விட்டுட்டு வந்துட்டன், ரினோசா."

சோறு ஆறிக்கொண்டிருந்தது. ஒருவரும் கை வைக்கவில்லை. வெளியே வெயிலில், ஜன்னலுக்குக் கீழே, அது இன்னும் மூச்சை விடவில்லை.