யாருடைய சளி?

“ஐயோ... செந்தாமரை!”

வளவன் போட்ட அலறலில் திருக்காட்டுப்பள்ளியின் அந்தத் தெருவே கூடிவிட்டது.

பாயில் கிடந்தாள் அவன் மனைவி. எட்டு மாத வயிறு மட்டும் மேடிட்டிருக்க, மற்றதெல்லாம் எலும்பு. உள்ளே பிள்ளையும் போய்விட்டது!

விஷம் என்றது தெரு. தெருவுக்கு எப்போதும் அவசரம்.

பிரேதப் பரிசோதனை முடிந்ததும் டாக்டர் சபிஹா, சப்-இன்ஸ்பெக்டர் செம்மொழியை ஓரமாக அழைத்தாள்.

“விஷம் இல்லை மேடம். டி.பி.! நுரையீரலே அரிச்சுப் போயிருக்கு.”

“செக்கப்ல தெரியலையா?”

“அவங்களுக்கு ஹெச்.ஐ.வி. இருக்கு. அதனால வர்றப்பல்லாம் இருமல், காய்ச்சல் கேப்போம். இருமல்னாங்க... சளி கேட்டோம். ரெண்டு தடவையும் கிருமி இல்லைன்னு வந்துச்சு. எக்ஸ்ரேவுக்குக் கூப்பிட்டா வரலை. நேத்து வந்த மூணாவது சளி டப்பா இன்னும் டெஸ்ட் மெஷின்ல இருக்கு.”

“டப்பாவை யாரு கொண்டாந்தது?”

“எப்பவும் புருஷன்தான்!”

செம்மொழி நேராக ஸ்டேஷனுக்குத் திரும்பினாள்.

அறுவடை மெஷின் ஓட்டுகிற வளவன், ஸ்டேஷன் பெஞ்சில் குறுகி உட்கார்ந்திருந்தான்.

“யார் சளிடா அது?”

“என்னோடதுங்க... எனக்குத்தான் இருமலே இல்லையே.”

“ஏன்?”

“டி.பி.ன்னா வீட்டுக்கே வந்து எல்லாரையும் டெஸ்ட் பண்ணுவாங்க. வளைகாப்பு நின்னுடும். ஏன்னு ஊரு கேக்கும். ஹெச்.ஐ.வி.யும் வெளிய வந்துடும்ங்க... மெஷினோட ஆந்திரா போயி நான்தான் அதை வாங்கியாந்தேன். அவ என்னைக் காட்டியே கொடுக்கலை. வளைகாப்பு முடியட்டும், வைத்தியம் பாக்கலாம்னேன்... சரின்னுட்டா.”

செம்மொழி ஓங்கிய கையை மடக்கிக்கொண்டாள். இவனை அடிப்பதா, கூட உட்கார்ந்து அழுவதா? எதைச் செய்தாலும் செத்தவள் எழுந்து வரப்போவதில்லை.

போன் அலறியது. சபிஹா!

“மேடம்! மூணாவது டப்பாவுல கிருமி இருக்கு! நீங்க சந்தேகப்பட்ட மாதிரி முன்னாடி மாத்தியிருந்தாலும், நேத்தாவது அந்தப் பொண்ணோட சளியைக் கொடுத்திருக்கான்.”

செம்மொழி போனை இறக்கினாள்.

“நேத்து கொடுத்தது செந்தாமரை சளியா?”

“இல்லைங்க... அவளால எழுந்து உக்காரவே முடியலை. அதுவும் என்னோடதுதான்.”

பெஞ்சை ஒட்டி நின்ற போலீஸ்காரர் இரண்டடி பின்னால் நகர்ந்தார்.

வளவன் ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். அவனுக்கு இன்னும் உறைக்கவில்லை.

ஏட்டு செல்லதுரை விலங்கோடு நெருங்கினார்.

“தள்ளி நில்லுங்க ஏட்டய்யா!” செம்மொழி கர்ச்சீப்பால் மூக்கைப் பொத்தினாள். “விலங்கு அப்புறம்... முதல்ல கைதிக்கு ஒரு மாஸ்க்கை மாட்டுங்க!”