ஆணியில் மாட்டிய குழாய்

ஆர்லீன் இதையெல்லாம் எந்த வரிசையில் சொன்னாள் என்பதில் எனக்கு இப்போது சந்தேகம் இருக்கிறது. நான் எதிர்வீட்டுக்காரன். அவள் சொன்னதையும் நானாகச் சேர்த்துக்கொண்டதையும் பிரிக்க முடியவில்லை. குழாய் ஆணியில் மாட்டியிருந்தது என்பது மட்டும் நிச்சயம்.

அதற்கு முந்தின நாள் அந்த ரப்பர் குழாயைத் தன் வீட்டு நிலவறைத் தரையில் சரிவாகக் கிடத்தியவள் அவள்தான். ஒரு முனை காற்றிலிருந்து ஈரம் உறிஞ்சும் இயந்திரத்தின் பின்னால், மறுமுனை தரை நடுவிலிருந்த வடிகால் துளையில். இனி உறிஞ்சிய தண்ணீரால் வாளி நிரம்பி இயந்திரம் நின்றுபோகாது. நிற்கவும் கூடாது. சுவரில் பூத்த பூசணம் மேலே ஏறி அவள் கணவன் எமிலின் நெஞ்சை அடைத்துக்கொண்டிருந்தது. சுரங்கக் கரி பாதி தின்ற நுரையீரல் பென்சில்வேனியாவின் இன்னொரு புழுக்கக் கோடையைத் தாங்காது என்று மருத்துவர் சொல்லிவிட்டார்.

அந்தத் துளையை எமிலின் அப்பா சிமெண்டால் அடைத்திருந்தார். ஆர்லீன் அதைச் சுத்தியலால் உடைத்தாள்.

"அப்பா பூசினதையா உடைச்ச?" படிக்கு மேலே நின்று எமில் மூச்சிரைத்தான்.

"உங்கப்பா செத்தாச்சு. நீ சாகாம இருக்கணும்னுதான் பாக்கறேன்."

அவன் தம்பி ஸ்டஷ் பீர் குப்பியோடு சிரித்தான். "கீழ தண்ணி ஓடினா அவனுங்க குளிக்க வந்துடுவானுங்கன்னு கிழவனுக்கு பயம். துண்டு எடுத்து வை ஆர்லீன்."

"ஓசி பீர் குடிக்கிற வாய்க்கு பேச்சு வேறயா?"

எங்கள் தெருவில் சுரங்கத்துக்குப் போனவர்கள் வெளிக்கதவு வழியாக நேரே நிலவறையில் இறங்கி, கரி போகக் குளித்த பிறகே சமையலறைக்கு ஏறுவார்கள். குளிக்காதவன் படியேறக் கூடாது. ஒருநாள் சுரங்கத்தில் ஆற்று நீர் புகுந்தது. எமிலின் அப்பா அன்று வேலைக்குப் போகவில்லை. உள்ளே மூழ்கிய அவருடைய கூட்டாளிகளை எடுக்க வழியில்லாமல் சுரங்க வாயை மூடினார்கள். சுரங்கம் இந்த வீட்டுக்கு நேர் கீழே ஓடுகிறது. அதன் பிறகுதான் அவர் துளையை அடைத்தார்.

மறுநாள் மாலை, மழை தூறிக்கொண்டிருக்கையில், ஆர்லீன் கீழே இறங்கினாள். குழாயின் முனை பழைய குளியல் மூலையில், ஆள் உயரத்து ஆணியில் தொங்கியது. பம்பு இல்லாமல் தண்ணீர் மேலே ஏறாது. ஆனாலும் முனையிலிருந்து சொட்டியது. அடியில் கரிய நீர் நுரையோடு துளையை நோக்கி நகர்ந்தது. மஞ்சள் சோப்பும் நனைந்த நிலக்கரியும் கலந்த வாடை.

"ஸ்டஷ்! விளையாட்டா?"

"நான் மேலதான இருக்கேன்!" சமையலறையிலிருந்து குரல் வந்தது.

அவள் கை இயந்திரத்தின் சுவிட்சுக்குப் போனது. அப்போதுதான் கவனித்தாள்: காலையிலிருந்து எமில் இருமவே இல்லை. பல மாதங்களுக்குப் பிறகு நிதானமாக மூச்சு விடுகிறான். இயந்திரம் நின்றால் அதுவும் நிற்கும்.

கையை எடுத்துக்கொண்டாள். குழாயைத் துளைக்குள் திணித்துவிட்டு மேலே வந்து கதவைத் தாழிட்டாள்.

எமிலின் நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து காதுகொடுத்துக் கேட்டாள். இயந்திரத்தின் முனகலுக்கு அடியில் தண்ணீர். தரையில் விழும் தண்ணீருக்கு ஒரு சத்தம், உடம்பில் விழும் தண்ணீருக்கு வேறு சத்தம். இது உடம்பில் விழுந்தது. யாரோ தலையைத் தேய்த்தார்கள். யாரோ தொண்டையைச் செருமித் துப்பினார்கள்.

"கீழ யாரு?" என்றான் எமில்.

"யாருமில்ல. நீ மூச்சு விடு."

தண்ணீர் நின்றது.

கீழ்ப்படி முனகியது. அடுத்த படி. வெறுங்கால்கள். பல கால்கள். கதவுக்கு அடியில் ஈரம் கசிந்தது. துளிக்கூடக் கரி இல்லாத, சுத்தமான தண்ணீர்.

தாழ் தானாக விலகியது.

எமில் அந்த நாற்காலியிலேயே இறந்தான், இருமாமல். ஸ்டஷ் தேடியும் கிடைக்கவில்லை. ஆர்லீன் தங்கையிடம் போய்விட்டாள். வீட்டுக்கு மின்சாரம் இல்லை, இயந்திரம் மட்டும் ஓடுகிறது. சாப்பாட்டு வேளையில் அந்தச் சமையலறைச் சன்னலைப் பார்க்கிறேன்: ஈரத் தலையைப் படிய வாரியவர்கள் மேசையைச் சுற்றிப் பொறுமையாக உட்கார்ந்திருக்கிறார்கள். நடுவில் ஸ்டஷ். அவன் முகத்தில் மட்டும் கரி.