குஞ்சைவிட மூத்த புழு

நேற்றுக் கொட்டிய தீவனம் தட்டுகளில் அப்படியே இருந்தது. சுக்மனி குனிந்து விரலால் கிளறிப் பார்த்தாள். ஒரு கொத்துகூட விழவில்லை. பிராய்லர் கோழி தின்பதற்கென்றே பிறந்த ஜீவன். தட்டைக் காலியாக்கிவிட்டு ஆளைப் பார்த்துக் கத்தும், பக்கத்துக் கோழியின் முதுகில் ஏறி மிதித்துக்கொண்டு தின்னும். அது தின்னவில்லை என்றால் சீக்கு. சீக்குக் கோழி இளைக்க வேண்டும். காலடியில் நின்ற ஒன்றைத் தூக்கினாள். கை சட்டென்று கீழே இறங்கியது. இரண்டு வாரக் குஞ்சுக்கு இருக்கக் கூடாத கனம்.

மார்கழியை ஒட்டி வரும் பூஸ் மாதத்துப் பனி ராப்தி ஆற்றிலிருந்து கிளம்பி வந்து, கடுகு வயலையும் கொட்டகையின் தகரக் கூரையையும் மூடி, பகல் முழுக்க ஊரைச் சாம்பல் நிறத்திலேயே வைத்திருந்தது. கொட்டகையைச் சுற்றித் தொங்கிய பிளாஸ்டிக் படுதாவில் பனிநீர் சொட்டுகிற சத்தம், உமி அடுப்பு புகைகிற வாடை, அதற்கு அடியில் கோழி எச்சத்தின் காரம், எல்லாம் வழக்கம்போலத்தான் என்று நினைத்தாள். ஆனால் எச்சத்தின் காரம் வரவில்லை. தோண்டிப்போட்ட ஈரமண்ணின் வாடைதான் வந்தது. குஞ்சுகளும் கத்தவில்லை. அத்தனையும் வடக்கு மூலையில் வட்டமாக நின்று, தலையைக் குனிந்து உமியைக் கொத்துகிற சரசரப்பு மட்டும் கேட்டது.

வடக்கு மூலை.

தசைன் பண்டிகைக்கு வளர்த்த போன கூட்டத்தில் கோழிகள் கொத்துக் கொத்தாகச் செத்தன. செத்ததை வெளியே புதைக்க அந்த ஊரில் யாருக்கும் துணிவு கிடையாது. நரி தோண்டி இழுத்துப் போட்டால் நாலு பேர் பார்ப்பார்கள். பார்த்தால் பறவைக் காய்ச்சல் என்று பேச்சு கிளம்பும். அப்புறம் வெள்ளை உடுப்புக்காரர்கள் வந்து உயிரோடு இருப்பதையும் சாக்கில் கட்டிக்கொண்டு போய்விடுவார்கள். அதனால் கொட்டகைக்குள்ளேயே குழி வெட்டி, மண்ணை மிதித்து, பழைய உமியைப் பரப்பி, மேலே புது உமியைக் கொட்டிவிடுவார்கள். எல்லாரும் செய்வதுதான், யாரும் வாய் திறப்பதில்லை. மற்றவர்கள் குழியில் சுண்ணாம்பாவது போடுவார்கள். சுண்ணாம்பு வாங்கினால் கடைக்காரன் எதற்கு என்று கேட்பானே என்று, வடக்கு மூலையில் தான் வெட்டிய குழியில் சுக்மனி அதையும் போடவில்லை.

கணவன் கத்தாரில் லாரி ஓட்டுகிறான். வீட்டில் அவளும் ஐந்து வயது மகள் சிர்ஜனாவும்தான். பனிக்காலத்தில் கொட்டகைக்குள் கதகதப்பாக இருக்கும் என்று குழந்தை பகலெல்லாம் உமியில்தான் விளையாடிக் கிடந்தாள். நாலைந்து நாளாக அரிசிமாவை ஆவியில் வேகவைத்து டிக்ரி செய்து கொடுத்தால்கூடப் பசிக்கவில்லை என்று தள்ளிவிடுகிறாள். தூக்கத்தில் நறநறவென்று பல்லைக் கடிக்கிறாள். வயிற்றில் பூச்சி இருக்கும், மாத்திரை வாங்க வேண்டும் என்று நினைத்து நினைத்து மறந்துபோனாள் சுக்மனி. அந்த மறதியை நினைத்து இப்போது தன்மேலேயே எரிச்சல் வந்தது.

மதியம் ஒரு குஞ்சு செத்தது. வேறு வழியில்லாமல் கால்நடை உதவியாளர் தேவ்ராஜ் பராஜுலிக்கு போன் போட்டாள். அவர் பனியில் நனைந்த மப்ளரோடு மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். எதையும் சிரித்துக்கொண்டே பேசுகிற மனிதர்.

"என்ன தங்கச்சி, கோழிங்க உண்ணாவிரதமா? கோரிக்கை என்னவாம்?"

கொட்டகைக்குப் பின்னால் உட்கார்ந்து கத்தரிக்கோலால் குஞ்சின் வயிற்றைக் கிழித்தார். குடலை நீளவாக்கில் வெட்டினார். அதற்குள் ஒரு தீவன மணிகூட இல்லை. வெள்ளை வெளேரென்று, வேகவைத்த சேமியா போல, நீள நீளமாக உருண்டைப் புழுக்கள் நெருக்கிப் பின்னிக் கிடந்தன. குளிர்காற்று பட்டதும் எல்லாம் ஒரே பக்கமாக நெளிந்தன. தேவ்ராஜ் சிரிப்பை நிறுத்தினார்.

"இந்தப் புழு இவ்வளவு நீளம் வளரணும்னா மாசக்கணக்கு ஆகும். அதுக்குள்ள பிராய்லரை வித்து, தின்னே முடிச்சிருவாங்க. அதனாலதான் பிராய்லர்ல இதைப் பெருசாப் பாக்க முடியாது. இது ரெண்டு வாரக் குஞ்சு."

"அப்போ எப்படிண்ணே வந்துச்சு?"

"அதான் தெரியல. குஞ்சைவிடப் புழுவுக்கு வயசு ஜாஸ்தி." அவர் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தார். "உள்ள எதையாவது புதைச்சு வச்சியா? சொல்லிரு. உன்னை யார்கிட்டயும் காட்டிக் குடுக்க மாட்டேன்."

சொல்லிவிடலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. வெள்ளை உடுப்புகள் கண்முன் வந்தன. மாகீ பண்டிகைக்கு விற்க இருந்த கூட்டம் மொத்தமும் சாக்குக்குள் போவது தெரிந்தது.

"இல்லண்ணே," என்றாள்.

அவர் குடிதண்ணீரில் மருந்தைக் கலந்தார். காலையில் புழுவெல்லாம் உமிமேல் விழுந்து கிடக்கும், அள்ளி எரித்துவிடு என்றார். வண்டியைக் கிளப்பும்போது திரும்பிச் சொன்னார்: "பாப்பாவை மட்டும் உள்ள விடாத."

அவர் போனதும் சுக்மனி கொட்டகைக்குள் பார்த்தாள். கோழிகள் தண்ணீர்ப் பக்கம் ஒதுங்கியிருந்தன. கோழிகள் இல்லாத வடக்கு மூலையில் உமி மெல்ல மேலே எழும்பி, மெல்லக் கீழே அமர்ந்தது. மூச்சு விடுவது போல. பார்த்துக்கொண்டே நின்றாள். மறுபடியும் அசையவில்லை. கண் மயக்கம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். நம்பத்தான் முடியவில்லை.

மறுநாள் விடிந்தபோது சிர்ஜனா பல் கடிக்காமல் அமைதியாகத் தூங்கினாள். நிம்மதியாக இருந்தது. மகளுக்குப் போர்வையை இழுத்துப் போர்த்திவிட்டு, அவள் எழுந்து கொட்டகைக்கு வந்துவிடக் கூடாதே என்று கதவை வெளியே தாழிட்டுவிட்டு வந்தாள்.

படுதாவை விலக்கினாள்.

கோழிகள் எல்லாம் படுத்திருந்தன. ஒன்றைத் தூக்கினாள். கை தானாக மேலே போயிற்று. வெறும் தோலும் இறகும். இன்னொன்று. அதுவும் அப்படித்தான். நேற்றைய கனம் எதிலும் இல்லை. உமியில் புழுவைத் தேடினாள். ஒன்றுகூட இல்லை.

அத்தனையும் எங்கே போயின?

மண்வெட்டியை எடுத்தாள். வடக்கு மூலை. புது உமி. பழைய உமி. அதற்கும் கீழே மண் பொலபொலவென்று சரிந்தது. குழியில் எலும்பு இல்லை. இறகு இல்லை. அவள் புதைத்தது எதுவுமே இல்லை. குழியின் பக்கச் சுவரில் ஒரு பொந்து மட்டும் இருந்தது. கை நுழையும் அகலம். உள்சுவர் ஈரமாக, வழவழப்பாக, மெழுகிவிட்டது போல. பொந்து நேராகத் தெற்கே போயிற்று.

தெற்கே வீடு.

தாழிட்ட வீடு.

ஓடினாள். பனியில் கண் தெரியவில்லை. வாசற்படி தடுக்கியது. தாழ்ப்பாள் கைக்குச் சிக்கவில்லை. சிக்கியது. திறந்தாள்.

ஈரமண் வாடை.

கட்டிலுக்கு அடியில், சாணம் மெழுகிய தரை வெடித்து மண் குவிந்திருந்தது.

"பாப்பா, எழுந்திரு. போயிரலாம்."

போர்வையோடு வாரித் தூக்கினாள். தூக்க முடியவில்லை. தினமும் இடுப்பில் வைத்துக்கொண்டு அடிபம்புக்குப் போகிற குழந்தை. இரண்டு கைகளையும் கொடுத்து மூச்சைப் பிடித்து முயன்றாள். கட்டில் கயிறுதான் முனகியது.

சிர்ஜனா கண்ணைத் திறந்தாள். அம்மாவைப் பார்த்தாள். வாயைத் திறக்காமல் சிரித்தாள்.

"பசிக்குதா கண்ணு?" என்று கேட்டாள் சுக்மனி. வேறு என்ன கேட்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

சிர்ஜனா இல்லை என்று தலையாட்டினாள். ஸ்வெட்டருக்கு அடியில் வயிறு மெல்ல மேலே எழும்பி, மெல்லக் கீழே அமர்ந்தது. மூடிய உதடுகளின் நடுவில் வெள்ளையாக ஒரு நுனி எட்டிப் பார்த்து, இப்படியும் அப்படியும் துழாவி, உள்ளே போயிற்று. சிரிப்பு கலையவில்லை. தூக்கிக்கொள்ளச் சொல்லி, குழந்தை அம்மாவை நோக்கி இரண்டு கைகளையும் நீட்டினாள்.