அச்சமானியும் அவித்த முட்டையும்

அமலோற்பவத்தின் காப்பகத்தில் ஒரு பிள்ளைகூடப் பயப்பட மாட்டேன் என்கிறது. சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தான். ஆனால் அதனாலேயே நிதி நின்றுவிடப் போகிறது.

உலகம் பூராவும் இப்போது அப்படித்தான். பிள்ளைகளின் மணிக்கட்டில் அச்சமானி என்றொரு பட்டை. நாடியையும் வியர்வையையும் வைத்து, பிள்ளை எவ்வளவு பயந்திருக்கிறது என்று அது கண்டுபிடித்துவிடும். பயம் எங்கே அதிகமோ, அங்கே நிதிமூளை என்கிற இயந்திரம் தானாகப் பணம் அனுப்பும். மனுவும் வேண்டாம், சிபாரிசும் வேண்டாம். நல்ல ஏற்பாடுதான், யார் இல்லை என்றது? கடலில் மூழ்கிய தீவுகளிலிருந்து அகதிப் பிள்ளைகள் வந்து இறங்கியபோது பட்டைகள் சிவப்பாக எரிந்தன. உள்ளூர் மீனவப் பிள்ளைகளின் வீடுகளையும் அப்போதுதான் புயல் கொண்டுபோயிருந்தது. பணம் கொட்டியது. அமலோற்பவம் இரண்டு கூட்டத்தையும் ஒரே பந்தியில் உட்கார வைத்தாள். சோறு, பாட்டு, சண்டை, சமாதானம் என்று போய், பட்டையெல்லாம் பச்சையாகிவிட்டது. அடுத்த புயலுக்குள் கட்டி முடிக்க வேண்டிய பாதுகாப்புக் கூடத்துக்கோ இன்னும் கூரை இல்லை.

போன வாரம் மனசைக் கல்லாக்கிக்கொண்டு ஒரு பேய்க்கதை சொல்லிப் பார்த்தாள். தீவுக்காரி ஹவ்வா, "டீச்சர், அந்தப் பேய்க்குப் பசிக்காதா?" என்று கேட்டாள். உள்ளூர் ஜெர்சன் பேயாகவே எழுந்து ஆடினான். பட்டைகள் இன்னும் பச்சையாக மின்னின. பிள்ளைகளைப் பயமுறுத்தப் பார்த்தோமே என்று அமலோற்பவத்துக்கு வெட்கமாகப் போய்விட்டது.

பயமே இல்லாத இடத்துக்குக் காப்பகம் எதற்கு என்று இன்று அதை மூட, நிதிமூளையை நடத்தும் நிதியத்திலிருந்து குலோத்துங்கன் வந்தே விட்டார்.

"பிள்ளைங்க ரொம்ப நல்லா இருக்காங்கம்மா. அதனால..." என்று இழுத்தார்.

"புயல் வந்தா இந்தப் பச்சை நிக்குமா சார்? கூரை மட்டும் போட்டுக்கிறோம்."

"எனக்குப் புரியுது. மெஷினுக்குப் புரியணுமே."

"சரி, சாப்பிட்டுட்டாவது மூடுங்க" என்றாள். எவ்வளவு கோபம் வந்தாலும் வந்தவரைப் பசியோடு அனுப்ப அவளுக்கு வராது.

பந்தியில் சமையல்கார பவுலினக்கா அவருக்கு முட்டையை நீட்டி, சட்டென்று கையை இழுத்துக்கொண்டாள். அகதிக்கா உள்ளூருக்கா என்று முட்டைக்கு அடிதடி நடந்த காலத்தில் அவள் போட்ட சட்டம் அது: பட்டை கட்டிய கைக்குத்தான் முட்டை.

"யாரா இருந்தாலும் அதான் சார்."

ஹவ்வா ஓடிப்போய், ஊர் மாறிப்போன ஒரு பிள்ளையின் பட்டையை எடுத்து வந்து கட்டிவிட்டாள். குலோத்துங்கன் சிரித்தபடி முட்டையைக் கடித்தார். செல்போன் அடித்தது.

"இன்னுமாய்யா மூடலை? அங்க என்ன கிழிக்கிறே?" மேலதிகாரியின் குரல் பந்தி முழுக்கக் கேட்டது.

முட்டை தொண்டையில் நின்றது. பட்டை மஞ்சளாகி, இரத்தச் சிவப்பாகி அலறியது. சுவரிலிருந்த ஒலிபெருக்கியில் நிதிமூளை பேசியது: "கடும் அச்சத்தில் ஒரு பிள்ளை. கூரைக்கான நிதி அனுப்பப்பட்டது. அச்சம் தணியும்வரை இந்தப் பிள்ளையை வெளியே விடக் கூடாது." வாசல் கதவு தானாகச் சாத்திக்கொண்டது.

"ஐயோ, கழட்டுங்கம்மா!"

"சிவப்பா இருக்கறப்பக் கழட்டினா பிள்ளையைக் கடத்துறோம்னு போலீஸ் வந்துரும் சார். உங்க நிதியம் போட்ட சட்டம்தானே!" அமலோற்பவத்துக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

பிள்ளைகள் சூழ்ந்துகொண்டார்கள். "பயப்படாதீங்க அங்கிள்" என்று ஹவ்வா தலையைத் தடவினாள். ஜெர்சன் பேயாட்டம் ஆடிக் காட்டினான். பட்டை மெல்ல மஞ்சளுக்கு இறங்கியது. செல்போன் மறுபடி அடித்தது. சிவப்பு.

சாயங்காலம் குலோத்துங்கன் இரண்டாவது முட்டையோடு உட்கார்ந்திருந்தார். "எங்க ஆபீஸ்ல எல்லாரும் இப்படித்தாம்மா. எங்க சாருக்கு அவருக்கு மேல உள்ளவரைக் கண்டா பயம். என்ன ஆச்சுன்னு பாக்க நாளைக்கு அத்தனை பேரும் நேர்ல வர்றாங்களாம்."

அமலோற்பவம் கூரையில்லாத கூடத்தைப் பார்த்தாள். ஒரு பள்ளிக்கூடமும் படகுத்துறையும்கூடக் கட்டிவிடலாமே என்று ஆசை வந்தது.

"டீச்சர், நாளைக்கு முட்டை கூடுதலா அவிக்கணுமா?" என்று பவுலினக்கா கேட்டாள்.

"அவிங்கக்கா. அப்படியே, பட்டை எத்தனை மிச்சம் இருக்குன்னும் பாருங்க."