ஆணியில் மாட்டிய மஞ்சள் உறை

19-9-1987, சனிக்கிழமை. இன்று செய்த தவறு: மலை லைனை நிறுத்திக் கண்ணாயிரம் அண்ணனை அனுப்பியபோது கடிகாரத்தைப் பார்க்கவில்லை. பிறகு நினைவு வந்து உத்தேசமாக ஒரு நேரத்தை எழுதிவைத்தேன். அது உத்தேசம் என்று பக்கத்தில் குறிக்கவும் இல்லை. சிறிய தவறுதான். ஆனாலும் தவறு.

தனசேகரன் பேனாவை மூடிவிட்டு நிமிர்ந்தான். கதவோரத்து ஆணியில் மழைக்குப் போட்டுக்கொள்ளும் மஞ்சள் உறை தொங்கிக்கொண்டிருந்தது. எப்போதும் அங்கே தொங்குவதுதான் என்பதால் முதலில் அவனுக்கு ஒன்றும் தோன்றவில்லை. நோட்டை இழுப்பறைக்குள் வைக்கப் போனபோதுதான், அதைப் போட்டுக்கொண்டுதானே கண்ணாயிரம் மழையில் இறங்கிப் போனார் என்பது உறைத்தது.

கல்வராயன் மலையடிவாரத்தில், வடக்கனந்தலைத் தாண்டிக் கரும்புக் கொல்லைகளுக்கு நடுவே இருந்த சின்னத் துணை மின்நிலையம் அது. தனசேகரன் அங்கே தற்காலிக ஆபரேட்டர். வேலை முடிந்ததும் கள்ளக்குறிச்சிக்குப் பஸ் ஏறி மாலை வகுப்பில் கணக்குப்பதிவியல் படித்துக்கொண்டிருந்தான். தினமும் செய்த தவறு ஒன்றையும் மறுநாள் செய்யவேண்டிய வேலை ஒன்றையும் எழுதச் சொன்னவர் அங்கிருந்த வாத்தியார். இப்போது வகுப்பும் இல்லை, பஸ்ஸும் இல்லை. இட ஒதுக்கீடு கேட்டு மறியல் தொடங்கியதிலிருந்து தியாகதுருகம் வரைக்கும் ரோடெங்கும் மரங்களை வெட்டிப் போட்டிருந்தார்கள். போன் செத்துக் கிடந்தது. மாற்று ஆபரேட்டர் வர வழியில்லாமல் இரவும் பகலும் அவனே உட்கார்ந்திருந்தான். அப்படி வெட்டிய புளியமரம் ஒன்றுதான் மலைப்பாதையின் முதல் வளைவில் மலை லைனின் கம்பிமேல் சாய்ந்துவிட்டது.

கண்ணாயிரம் அந்த நிலையத்தின் லைன்மேன். கிளம்பும்போது அவர் உறைக்குள் காலை நுழைத்துக்கொண்டே பேசியது தனசேகரன் காதில் இன்னும் இருந்தது.

“ரோட்ல மரத்த வெட்டிப் போட்டவனும் நம்ம ஆளு. அது கம்பி மேல வுழுந்தா ஏற வேண்டியவனும் நம்ம ஆளு. பங்கு பிரிக்கும்போது மட்டும் நம்மள எவனுக்கும் அடையாளம் தெரியாது, இன்னா ரைட்டரே?”

நோட்டில் எழுதும் பழக்கத்தால் அவனுக்கு அவர் வைத்த பெயர் அது.

“மழை வுட்டப்புறம் போலாமேண்ணே.”

“மழை வுட்டுடும். மில்லுக்காரு வுடணுமே.” ஜிப்பைத் தாடை வரைக்கும் இழுத்துவிட்டார். “எவன் வந்து கேட்டாலும் சரி, நான் வர்ற வரைக்கும் லைன் கைப்பிடில கை வைக்காத தம்பி.”

மேலிடத்திலிருந்து நிலையத்துக்கு வந்தது அந்த ஒரே ஒரு உறைதான். பாதம், கால், உடம்பு, கை, தலைமூடி எல்லாம் ஒன்றாகச் சேர்த்துத் தைத்த தடித்த ரப்பர் துணி. உள்ளே போய்விட்டால் கண் மட்டுமே வெளியே தெரியும். மழையோ குளிரோ மலைக்காற்றோ அண்டாது. லைனை நிறுத்திக்கொண்டு போனவன் நேரில் திரும்பிவந்து கையெழுத்துப் போட்ட பிறகுதான் மின்சாரம் கொடுக்கவேண்டும் என்பது சட்டம். மழைநாளில் ஈரக்கையோடு யார் கையெழுத்துப் போடுவது? கண்ணாயிரம் வந்ததும் உறையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுப் பின்னாலிருக்கும் வீட்டுக்கு ஓடிவிடுவார். கையெழுத்து மறுநாள் காலையில்தான். உறை ஆணியில் இருந்தால் ஆள் கீழே வந்துவிட்டார். இரண்டு மழைக்காலமாக அப்படித்தான் நடந்துவந்தது. ஒருநாளும் பிசகியதில்லை.

“அண்ணே,” என்று கூப்பிட்டான்.

தகரக்கூரை மேல் மழை ஒரே சீராக இரைந்துகொண்டிருந்தது. டியூப்லைட்டின் ஒரு முனை கறுத்துப்போய், துடித்துத் துடித்து எரிந்தது. வாசற்படியிலிருந்து ஆணி வரைக்கும் சிமெண்டுத் தரை காய்ந்து, அவன் காலையில் பெருக்கிய துடைப்பக் கோடுகள்கூட அழியாமல் கிடந்தது. வெளியே இவ்வளவு மழை பெய்யும்போது ஒரு மனிதன் சேற்றுக்காலோடு அந்தத் தரையைத் தாண்டி வந்து உறையைக் கழற்றி மாட்டிவிட்டுப் போயிருக்கிறான். தான் எழுதிக்கொண்டிருந்ததில் கவனிக்கவில்லை. அப்படித்தான் இருக்கவேண்டும். தான் கவனிக்காமல் விட்டவை எத்தனையோ உண்டு; நோட்டு முழுக்க அவைதான்.

கிட்டே போனான். ரப்பரும் பீடியும் கலந்த பழைய வாடையோடு, அப்போதுதான் பிளந்த பச்சைப் புளியங்கட்டையின் வாடையும் வந்தது. தொட்டுப் பார்த்தான். மேல்பக்கம் பொட்டு ஈரமில்லை. ஆனால் வெதுவெதுப்பாக இருந்தது, தூங்கி எழுந்தவன் விட்டுப்போன பாய்போல. கையை எடுக்கும்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. டொக். சற்றுப் பொறுத்து மறுபடி, டொக். கூரை எங்கோ ஒழுகுகிறது என்று அண்ணாந்து பார்த்தான். ஒழுகவில்லை. தண்ணீர் உறைக்கு உள்ளே சொட்டிக்கொண்டிருந்தது. மூடித் தைத்த அதன் பாதங்கள் இரண்டும் உப்பிப்போயிருந்தன.

அப்போதுதான் வாசலில் டார்ச் வெளிச்சம் விழுந்தது. குடையை மடக்கி உதறிக்கொண்டு காசிநாதன் உள்ளே வந்தார். மலை லைனிலிருந்த ரைஸ்மில் அவருடையது. தனசேகரனுக்கு இந்த வேலை கிடைக்க ஒரு வார்த்தை சொன்னவரும் அவர்தான். ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் அதை நினைவுபடுத்தாமல் போகமாட்டார்.

“ஒறை ஆணில கீது. இன்னும் லைன் குடுக்காம இன்னா பண்ணிக்கினு கீற?”

“ஆள இன்னும் பாக்கலங்க.”

“பாத்து இன்னா பண்ணப் போற, கண்ணாலம் பேசப் போறியா? அவிச்ச நெல்லு அண்டாவுல கெடந்து நாறுது. இன்னும் கொஞ்ச நேரம் போனா மாடுகூடத் திங்காது.”

“வூட்ல ஒரு தரம் கேட்டுட்டு வந்துடறேங்க.”

“கேளு. நாளைக்கி நீ வேலைக்கி வரணுமா வேணாமான்னும் சேத்துக் கேட்டுக்கினு வா.”

தலையில் ஒரு சாக்கைப் போட்டுக்கொண்டு பின்பக்கமாக ஓடினான். கண்ணாயிரத்தின் மனைவி அம்சவள்ளி அடுப்படி ஜன்னலுக்கு உள்ளே நின்று குழம்பைக் கிளறிக்கொண்டிருந்தாள்.

“அண்ணன் வந்துட்டாரா அண்ணி?”

“வந்துட்டாருபா. கொல்லையில கால் கழுவிக்கினு கீறாரு.” கரண்டியை உள்ளங்கையில் தட்டி ருசி பார்த்தாள். “இன்னா ஏதுன்னு கேட்டா ஒரு வார்த்த பேசல. மழையில ஏத்திவுட்டாங்கன்னு கோவம்போல. வந்தா சோறு போட்டாத்தான் வாயத் தொறப்பாரு.”

கேட்டது. சுவருக்கு அந்தப் பக்கம் தண்ணீர் டிரம்மில் சொம்பு முங்கும் ஓசை. ஊற்றும் ஓசை. மறுபடி முங்கும் ஓசை. இவ்வளவு நேரமா ஒருவர் கால் கழுவுவார்? சுவர் முனையைத் தாண்டி நாலடி வைத்தால் பார்த்துவிடலாம். நடுவில் முழங்கால் சேறு. டார்ச் கொண்டுவரவில்லை. நிலையத்தில் காசிநாதன் காத்திருந்தார்.

“அண்ணே, லைன் குடுத்துடவா?” என்று குரல் கொடுத்தான்.

ஊற்றும் ஓசை நின்றது. மழை மட்டும் பெய்தது. சுவருக்குப் பின்னால் யாரோ தன்னைப் போலவே அசையாமல் நின்று கேட்பதுபோல இருந்தது. பிறகு சொம்பு மறுபடி முங்கியது.

அதையே சரி என்று எடுத்துக்கொண்டான். உறை சொல்கிறது. கட்டின பெண்டாட்டி சொல்கிறாள். இதற்கு மேலும் சந்தேகப்பட்டால் அது தன் வழக்கமான கோழைத்தனம்தான். திரும்பி வரும் வழியில் அப்படிச் சொல்லிக்கொண்டேதான் வந்தான்.

“வந்துட்டாராம்.”

“நான்தான் சொன்னேனே.”

மலை லைனின் கைப்பிடி குளிர்ந்திருந்தது. பிடித்தான். ஒருமுறை உறையைத் திரும்பிப் பார்த்தான். சொட்டுச் சத்தம் நின்றுபோயிருந்தது.

போட்டான்.

மின்மாற்றி கனமாக முனகியது. ஜன்னலுக்கு வெளியே, இருட்டில், மலைப்பாதையின் முதல் வளைவில் இருந்த தெருவிளக்கு எரிந்தது. அதன் அடியில் சாய்ந்து கிடந்த புளியமரம். கிளைகள். கம்பம்.

கம்பத்தில் மஞ்சளாக ஏதோ.

இரண்டு கை. மேலே நீண்டு. கம்பியைப் பிடித்தபடி.

அடுத்த கணம் டமார் என்ற ஓசையோடு கைப்பிடி தானாகவே கீழே விழுந்தது. வளைவு விளக்கு அணைந்தது. ஜன்னல் கறுப்பாகிவிட்டது. அதில் அவன் முகம்தான் தெரிந்தது.

“இன்னாடா, மறுபடியும் போச்சா?” என்றார் காசிநாதன். “மரத்துக் கெளை ஏதாச்சும் ஒரசியிருக்கும். இன்னொரு தரம் போடு.”

“அங்க ஆள் கீதுங்க.”

“எங்க?”

“கம்பத்துல. மஞ்சளா.”

காசிநாதன் ஜன்னல் பக்கம் பார்த்தார். பிறகு ஆணியைப் பார்த்தார். “ஒறை இங்க கீது. அங்க எவன் கீறான்? மறியல்காரனுங்க கொடி கட்டியிருப்பானுங்க. போடு.”

“மாட்டேங்க.”

“ஒரே ஒரு தரம்டா.”

“மாட்டேங்க.”

இந்த ஒரு சொல்லைக் கொஞ்ச நேரம் முன்னால் சொல்லியிருக்கலாம். அப்போது அதற்கு ஒரு மதிப்பு இருந்திருக்கும். காசிநாதன் குடையை விரித்துக்கொண்டே, நாளைக்கு இந்த நாற்காலியில் வேறொருத்தன் உட்கார்ந்திருப்பான் என்று சொல்லிவிட்டு இறங்கிப்போனார். டார்ச் வெளிச்சம் கரும்புத் தோகைகளின் மேல் ஆடி ஆடிப் போய் மறைந்தது.

தனசேகரன் ஆணியின் பக்கம் திரும்பவில்லை. திரும்பாமலே தெரிந்தது. அறையில் வாடை மாறியிருந்தது. ரப்பர் இல்லை. பீடி இல்லை. மயிர் பொசுங்கின வாடை.

வாசலில் காலடி கேட்டது. அம்சவள்ளி. ஒரு கையில் தூக்குப்போசியும் தட்டுகளும், மறுகையால் தலைக்கு மேல் முறத்தைப் பிடித்திருந்தாள்.

“கொல்லையில ஆளக் காணோம்பா. டிரம்மு தண்ணி அப்படியே நெறஞ்சி கீது. இங்க வந்துட்டாரா?” என்றவள் ஆணியைப் பார்த்தாள். அவள் முகம் தெளிந்தது. “அதானே. ஒறை இங்கதான கீது. மீட்டரு கீட்டரு பாக்கப் பின்னால போயிருப்பாரு.”

“அண்ணி,” என்றான்.

“வரட்டும், வரட்டும். உனக்கும் சேத்துத்தான் கொண்டாந்தேன். மூணு நாளா இன்னாத்தத் தின்ன? கொளத்து மீனு. மறியல் புண்ணியத்துல டவுனுக்குப் போக வழியில்லாம இங்கியே கம்மி வெலைக்கி வித்தாங்க.” ஆணிக்கு முதுகைக் காட்டித் தரையில் உட்கார்ந்து தட்டுகளை வைத்தாள். முதலில் கணவனுக்குப் போட்டாள். நடுத்துண்டை எடுத்து அந்தத் தட்டில் வைத்து, முள்ளை விரலால் நீவி எடுத்தாள்.

அவளுக்குப் பின்னால் உறை தொங்கவில்லை.

நின்றது.

அதன் கழுத்து வார் ஆணியில் தளர்ந்து கிடந்தது. பாதங்கள் தரையில் பதிந்திருந்தன, குதிகாலில் ஆள் பாரம் இறங்கி. கால்களில் முழங்கால் இருந்தது. வயிற்றில் மூச்சில்லை. கைகள் இரண்டும் மெல்ல மேலே ஏறி, தலைக்குச் சரிசமமாக நீண்டு, இல்லாத கம்பியைப் பற்றிக்கொண்டிருந்தன. தலைமூடியின் ஓட்டையிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது. நனைந்த துணியை அடுப்பில் காட்டினால் வருமே, அப்படி. அந்த ஓட்டை அவனைப் பார்க்கவில்லை. குனிந்து, சோறு பிசையும் அம்சவள்ளியின் வகிட்டைப் பார்த்துக்கொண்டிருந்தது.

“ஏன்பா அப்படி நிக்கற? ஆறிடும், வா,” என்றாள் அவள். “கதவ வேணா சாத்து. முதுகுல அனல் அடிக்கற மாதிரி கீது.”

தனசேகரன் இழுப்பறையைத் திறந்தான். அவன் கைக்கு வேறு எதுவும் செய்யத் தெரியவில்லை. நோட்டை எடுத்து, எழுதி நிறுத்தியிருந்த வரிக்குக் கீழே, வழக்கம்போல் தெளிவான எழுத்தில் எழுதினான்.

நாளைய வேலை: விடிந்ததும் ஏணியும் கயிறும் நான்கு ஆட்களுமாகப் போய், கண்ணாயிரம் அண்ணனைக் கம்பத்திலிருந்து இறக்கவேண்டும்.